ஜீப்பின் பின் அச்சுத்தண்டு



தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் சக்கரத்தை நம்பிப் பிழைப்போர் பலர். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் சரக்கேற்றிக் கொண்டு வடக்கே செல்லும் லாரிக்காரர்களும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளர்களும், பெருநகரங்களின் பட்டறைகளில் பணியாற்றும் மெக்கானிக்குகளும் லாரியின் பின் அச்சை நன்கு அறிந்தவர்கள். லாரியில் அச்சுத்தண்டு உடைந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே, சாலையோரத்தில் வைத்தே, குடத்தின் முகத்திலுள்ள திருகுகளை நீக்கி, உடைந்த தண்டை உருவி, புதியதைச் செருகிவிட்டுப் பயணத்தைத் தொடர்வது அவர்களுக்குக் கைவந்த கலை.

அந்தக் கைப்பழக்கம் ஜீப்பினிடம் வரும்போது அவர்களை ஏமாற்றிவிடக் கூடும். லாரியின் தண்டு உடைந்தால் வண்டி நிற்கும். ஜீப்பின் தண்டு உடைந்தாலோ வண்டி நிற்காமலும் போகலாம். சக்கரமே கழன்று ஓடிவிடலாம். மலைச்சாலையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேற்றுமையாகும். ஆகவே, ஜீப்பின் பின் அச்சுத்தண்டு எவ்வாறு அமைந்துள்ளது, ஏன் உடைகிறது, அதனை எவ்வாறு மாற்ற வேண்டும் என்பனவற்றை இன்று ஆராய்வோம். கையில் ஸ்பானர் பிடிக்காத நேயர்களும் இதனைக் கேட்பது நன்று. உத்தரகண்டத்திலோ இமாசலத்திலோ மணிப்பூரிலோ மலையேறும் வண்டியில் அமர்ந்து செல்பவர்கள் அவர்களேயன்றோ?

முதலில் நம் ஊர் மாட்டு வண்டியை நினைத்துக் கொள்வோம். அதன் இருசு சுழலுவதில்லை. அது வண்டியின் பாரத்தைத் தாங்கிக் கொண்டு அசையாது நிற்கிறது. சக்கரத்தின் குடம் இருசின் மேல் சுழலுகிறது. குடம் வெளியே வந்துவிடாமல் கடையாணி காக்கிறது. கடையாணி இல்லாத வண்டியில் ஏறி அமர எவரும் துணியமாட்டார்கள். மாட்டு வண்டியைப் பின்னின்று உந்துவது எதுவும் இல்லையாதலால் இருசுக்குத் தாங்குவது ஒன்றே வேலை.

மோட்டார் வண்டியின் பின் அச்சுக்கோ இரண்டு வேலைகள். பாரத்தைத் தாங்கவும் வேண்டும். சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும். இவ்விரு வேலைகளையும் யார் யார் செய்வது என்பதில்தான் அச்சுகள் இருவகையாகப் பிரிகின்றன.

முதல் வகையில், சக்கரத்தின் குடம் இரண்டு பேரிங்குகளின் மீது, அச்சுக்கூட்டின் வெளிப்புறத்திலேயே ஏறி அமர்ந்திருக்கிறது. மாட்டு வண்டியின் இருசு போலவே கூடு பாரத்தைத் தாங்குகிறது. கூட்டின் உள்ளே ஓடும் தண்டுக்கு முறுக்குவது மட்டுமே வேலை. தண்டு இரண்டாக உடைந்தாலும், முழுவதும் உருவி எடுத்துவிட்டாலும், சக்கரம் தன் இடத்தை விட்டு அசையாது. இதனைப் பட்டறைகளில் 'புல் புளோட்டிங்' அச்சு என்பர். நாம் முழுமிதவை அச்சு என்போம். லாரிகளில் காண்பது இதுவே.

இரண்டாம் வகையில், அச்சுக்கூட்டின் முனையில் ஒரே ஒரு பேரிங் உண்டு. தண்டு அதன் வழியே வெளிவந்து, தன் முனையிலேயே குடத்தையும் பிரேக் டிரம்மையும் சக்கரத்தையும் சுமக்கிறது. முறுக்குவதும் அதுவே, தாங்குவதும் அதுவே, கடையாணியின் வேலையைச் செய்வதும் அதுவே. இதனை 'செமி புளோட்டிங்' என்றும் அரைமிதவை என்றும் கூறலாம். இத்தண்டு பேரிங்கை ஒட்டி உடைந்தால், சக்கரமும் டிரம்மும் உடைந்த துண்டோடு வெளியே வந்துவிடக் கூடும்.

ஜீப் என்ற பெயர் ஒன்றாயினும் அதன் அச்சு எல்லா வண்டிகளிலும் ஒன்றன்று. இரண்டாம் உலகப் போருக்கென வில்லிஸ், போர்டு நிறுவனங்கள் அமெரிக்காவில் செய்த ஜீப்புகளின் பின் அச்சு முழுமிதவை வகையைச் சேர்ந்தது. போர் முடிந்தபின் பொதுமக்களுக்கென வந்த ஜீப்புகள் பலவற்றில் அரைமிதவை அச்சு இடம் பெற்றது. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பொருத்தத் தொடங்கியது. பின்னர் இங்கேயே செய்து நாடெங்கும் பரப்பிய சி.ஜே. 3பி வகை ஜீப்பும் அரைமிதவை அச்சைக் கொண்டதே. அவ்வண்டிகள் இன்று புதிதாக வருவதில்லை எனினும், மலைநாடுகளிலும் பண்ணைகளிலும் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. இதற்கு மாறாக, 1958-இல் வெளிவந்த இரண்டாம் வரிசை லேண்ட் ரோவர் வண்டி முழுமிதவை அச்சைக் கொண்டிருந்தது.

இவ்விரண்டையும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடுத்தி அறியலாம். சக்கரத்தின் நடுவில் வட்டமாகப் பல திருகுகள் கொண்ட ஒரு முகத்தட்டு துருத்தி நின்றால் பெரும்பாலும் அது முழுமிதவை அச்சு. நடுவிலுள்ள மூடியை எடுத்ததும் ஒரே ஒரு பெரிய நட்டும், அதன் குறுக்கே ஒரு பிளவு ஆணியும் தெரியுமானால் அது கூம்புமுனைத் தண்டு கொண்ட அரைமிதவை அச்சு. வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய முதற்காரியம் இவ்வாறு பார்த்து அறிதலே.

இனி, ஒரு தண்டு உடைந்தால் வண்டி ஏன் நகர மறுக்கிறது என்பதைக் காண்போம். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி பின் அச்சின் நடுவிலுள்ள கிரவுன், பினியன் என்னும் பற்சக்கரங்களை அடைந்து, அங்கிருந்து டிபரென்ஷியல் வழியாக இரண்டு தண்டுகளுக்கும் பிரிகிறது. வளைவுகளில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல இடங்கொடுப்பது டிபரென்ஷியலின் பணி. ஆனால் அதற்கு ஓர் இயல்புண்டு: எதிர்ப்பே இல்லாத பக்கம் ஒன்றிருந்தால் சுழற்சி முழுவதையும் அப்பக்கமே விட்டுவிடும். உடைந்த தண்டு எதிர்ப்புக் காட்டுவதில்லை. ஆதலால் அது வீணே சுழல, நல்ல தண்டு சும்மா நிற்கிறது.

நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் வண்டிக்கு இங்கே ஒரு வழி உண்டு. முன் அச்சை இணைக்கும் நெம்புகோலைப் போட்டால் முன் சக்கரங்கள் வண்டியை இழுக்கும். முழுமிதவை அச்சானால், உடைந்த துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, குடத்தின் வாயை அடைத்துக் கொண்டு, முன் சக்கரங்களாலேயே மெல்ல ஊர் சேரலாம். அரைமிதவை அச்சில் அவ்வாறு செய்வது தகாது. சக்கரம் தண்டின் மேலேயே நிற்பதால், தண்டு உடைந்த வண்டியை அப்பக்கச் சக்கரத்தின் மேல் உருட்டிச் செல்லுதல் கூடாது. பின்புறத்தைத் தூக்கி இழுத்துச் செல்ல வேண்டும். அல்லது அங்கேயே வைத்து மாற்ற வேண்டும்.

இவ்விடத்தில் நேயர்கள் அனைவரும் உள்ளத்தில் பதித்துக் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பழைய ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. அது டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னே, நடுத்தண்டின் மேல் அமைந்துள்ள சிறிய டிரம்மைப் பிடிக்கிறது. அந்தப் பிடி நடுத்தண்டின் வழியாகவும், டிபரென்ஷியல் வழியாகவும், அச்சுத்தண்டுகளின் வழியாகவுமே சக்கரத்தை அடைய வேண்டும். ஓர் அச்சுத்தண்டு உடைந்துவிட்டால் கைப்பிரேக் போட்டும் போடாததற்கு ஒப்பாகும். அவ்வாறே, பின் சக்கரங்களில் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலும், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருளத் தொடங்கிவிடும். சரிவில் நிற்கும் வண்டியின் அடியில் படுத்து வேலை செய்பவர் இதனை அறியாமலிருந்தால் என்ன நேரும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே தண்டு உடைந்த ஜீப்பை நிறுத்தும்போது, முதலில் கால் பிரேக்கை மிதித்த வண்ணம் இருக்க, உடனிருப்பவர் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் கொடுக்க வேண்டும். முன் அச்சையும் இணைத்து, கியரையும் போட்டு, அதன் பின்னரே பயணிகளை இறக்க வேண்டும். தட்டையான இடம் அருகில் இருந்தால் அங்கே சேர்த்த பிறகே பழுது பார்க்கத் தொடங்க வேண்டும்.

அடுத்து, தண்டு ஏன் உடைகிறது? முதற் காரணம் முறுக்கு. சி.ஜே. 3பி ஜீப்பில் குறைவேகப் பல்லும் முதல் கியரும் சேரும்போது, எஞ்சினின் முறுக்கு அச்சை அடைவதற்குள் 35 மடங்குக்கும் மேற்பட்டுப் பெருகிவிடுகிறது. இதனை வடிவமைத்தோர் நன்கறிந்திருந்தனர். முன் அச்சை இணைக்காமல் குறைவேகப் பல்லை இணைக்க இயலாதபடி டிரான்ஸ்பர் பெட்டியினுள் ஒரு தடை வைத்தனர். பெருகிய முறுக்கு முழுவதும் பின் அச்சின் தலையில் மட்டும் விழாமல் நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்தடையை நீக்கிவிட்டு ஓட்டுவது, கூலியாள் நால்வர் தூக்க வேண்டிய மூட்டையை இருவர் தலையில் ஏற்றுவது போன்றது.

இரண்டாவது காரணம் திடீர் அதிர்ச்சி. சேற்றிலோ பனியிலோ வீணே சுழலும் சக்கரம் திடீரென ஒரு பாறையைப் பற்றிக் கொள்ளும்போதும், கிளச்சைச் சட்டென விடும்போதும், தண்டு ஒரு கணத்தில் பெருமுறுக்கைத் தாங்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது, அளவுக்கு மீறிய பாரம். அரைமிதவைத் தண்டு பாரத்தையும் சுமப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அது மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்கிறது. கூட்டமாக ஏற்றிச் செல்லும் ஜீப்பில் இவ்வளைவு கூடுகிறது. ஒரு கம்பியைப் பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதைப் போல, எஃகும் காலப்போக்கில் களைத்துப் போகிறது. நான்காவது, குடத்தைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருத்தல். கூம்பும் குடமும் இறுகப் பொருந்தாவிட்டால், முறுக்கு முழுவதையும் சிறிய சாவிக்கட்டை ஒன்றே தாங்க நேர்ந்து, சாவி அமரும் பள்ளத்தின் மூலையிலிருந்து வெடிப்பு தொடங்கும்.

உடைந்த துண்டைக் குப்பையில் எறியுமுன் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் முழுவதும் புத்தம் புதிதாக ஒரே தன்மையதாய் இருந்தால், பெரும்பாலும் ஒரே அதிர்ச்சியில் உடைந்தது எனலாம். அவ்வாறின்றி, ஒரு மூலையிலிருந்து கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற கோடுகள் போல வரிவரியாகத் தேய்ந்தும், எஞ்சிய பகுதி மட்டும் புதிதாகவும் இருந்தால், வெடிப்பு பல நாட்களாக வளர்ந்து வந்துள்ளது என்று பொருள். அப்படியானால் மறுபக்கத் தண்டும் அதே பாரத்தை அதே காலம் சுமந்திருக்கிறது. அதனையும் வெளியே எடுத்துப் பாராமல் வண்டியை விடுதல் கூடாது. அத்தண்டின் உள்முனைப் பற்கள் கயிறு போலச் சற்றே முறுகியிருந்தாலும், சாவிப் பள்ளத்தில் வெடிப்புத் தெரிந்தாலும் அதனையும் மாற்றியே ஆக வேண்டும்.

இனி, அரைமிதவைத் தண்டை மாற்றும் முறையைக் கூறுவோம்.

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தபின், பின் சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிளவு ஆணியை எடுத்துவிட்டு நடுநட்டைத் தளர்த்த வேண்டும். அதனை முழுவதும் கழற்றலாகாது. சில மரைகள் பிடித்திருக்கும்படி விட வேண்டும். சக்கரத்தின் நட்டுகளையும் இப்போதே சற்றுத் தளர்த்திக் கொள்ளலாம். பழைய ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகள் இடம்புரி மரை கொண்டவை. அதனை அறியாதவர் நீளக் குழாயை மாட்டித் தவறான திசையில் அழுத்தித் திருகையே முறித்துவிடுவர். பின்னர் வண்டியைத் தூக்கி, அச்சுக்கூட்டின் அடியில் உறுதியான தாங்கிகளை வைத்துச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் செல்லக் கூடாது.

அடுத்து வருவதே கடினமான பகுதி. கூம்பின் மேல் இறுகியுள்ள குடத்தைப் பிரிக்க வேண்டும். இதற்குச் சக்கரத் திருகுகளில் மாட்டி இழுக்கும் புல்லர் வேண்டும். அதன் நடுத்திருகை இறுக்கி, அத்திருகின் தலையில் ஒரு சம்மட்டி அடி கொடுத்தால், குடம் வெடிச்சத்தத்தோடு விடுபடும். நடுநட்டைச் சில மரைகள் விட்டு வைத்ததன் பயன் இப்போது விளங்கும். அது இல்லையேல் குடமும் டிரம்மும் பாய்ந்து வந்து எதிரே இருப்பவரைத் தாக்கும். டிரம்மின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் புல்லரைப் பயன்படுத்தலாகாது. டிரம் கோணிவிடும்.

புல்லர் கிடைக்காத இடங்களில் தண்டின் முனையிலேயே சம்மட்டியால் அடிப்பதைக் காண்கிறோம். அதன் விளைவு அங்கேயே முடிவதில்லை. ஜீப்பின் அச்சில் இரண்டு தண்டுகளின் உள்முனைகளும் நடுவிலுள்ள ஒரு சிறு கட்டையில் முட்டிக் கொண்டிருக்கின்றன. உடையாத பக்கத்தின் குடத்தைக் கழற்றுகையில் ஒரு முனையில் விழும் அடி, அக்கட்டையின் வழியாக மறுமுனையிலுள்ள பேரிங்கைச் சென்று தாக்குகிறது.  இன்று அடித்த அடி, மூன்று மாதம் கழித்து வேறோர் ஊரில் பேரிங் சத்தமாக வெளிப்படும். புல்லர் இல்லையெனில் இரவல் வாங்க வேண்டும்; அதுவும் இல்லையெனில் காத்திருக்க வேண்டும்.

குடம் வந்தபின், பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து வைத்து, பிரேக் தட்டைப் பிடித்துள்ள திருகுகளை நீக்க வேண்டும். தட்டுக்கும் அச்சுக்கூட்டுக்கும் இடையே மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். இவற்றை ஷிம் என்பர். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இத்தகடுகளே பேரிங்குக்கு வேண்டிய இடைவெளியைத் தருபவை. எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தனவோ அவற்றை அவ்வாறே கம்பியில் கோத்து வைக்க வேண்டும். பின்னர் தண்டை வெளியே இழுத்தால் பேரிங்கும் அதனோடு வரும். உள்ளே இருக்கும் ஆயில் சீலையும் எடுத்துவிட வேண்டும். பழைய சீலை மறுபடி பொருத்துவது சிக்கனம் ஆகாது.

வெளித்துண்டு கையில் வந்துவிட்டது. உள்துண்டு எங்கே? அது டிபரென்ஷியலின் பற்சக்கரத்தில் மாட்டிக் கொண்டிருக்கும். அதனை உள்ளேயே விட்டுப் புதிய தண்டைச் செருக முயல்வது வீண் முயற்சி. காந்தம் கட்டிய கம்பியால் சில வேளைகளில் வெளியே இழுத்துவிடலாம். வராவிட்டால் அச்சின் எண்ணெயை வடித்து, பின்மூடியைத் திறந்து, மறுபக்கத் தண்டையும் எடுத்துவிட்டு, டிபரென்ஷியலையே வெளியே எடுக்க வேண்டி வரும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆயினும் பின்மூடியைத் திறப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. உடைந்த எஃகின் சிறு துணுக்குகள் எண்ணெயில் கலந்திருக்கும். அவற்றைக் கழுவி வெளியேற்றாவிட்டால் கிரவுனும் பினியனும் அவற்றை மென்று தாமும் பாழாகும். உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களில் பல் உடைந்துள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துக் கொள்ளலாம்.

புதிய தண்டை வாங்கும்போது பழைய துண்டுகளையும் கடைக்கு எடுத்துச் செல்வது நலம். ஜீப்பின் டிபரென்ஷியல் அச்சின் நடுவில் இராமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால், இடத்தண்டும் வலத்தண்டும் ஒரே நீளமுடையன அல்ல. நீளம், உள்முனைப் பற்களின் எண்ணிக்கை, பேரிங் அமரும் இடத்தின் விட்டம், கூம்பின் அளவு ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மொழி தெரியாத ஊரில் பெயர் சொல்லிக் கேட்பதை விடப் பழைய பொருளைக் காட்டிக் கேட்பது பிழைக்கு இடங்கொடாது.

உடைந்த தண்டை வெல்டிங் வைத்து ஒட்டித் தருவதாக யாரேனும் கூறினால் அதனை ஏற்கவே கூடாது. அச்சுத்தண்டு சாதாரண இரும்பன்று. கலப்பு எஃகினால் செய்து, சூடேற்றிக் குளிர்வித்து, வேண்டிய கடினத்தை ஏற்றியிருக்கிறார்கள். வெல்டிங்கின் வெப்பம் அக்கடினத்தை ஓரிடத்தில் அழித்து, அதன் அருகே மற்றோரிடத்தில் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையை உண்டாக்குகிறது. கடைந்து மெருகிட்டபின் கண்ணுக்கு அது புதிய தண்டு போலவே தோன்றும். முதல் ஏற்றத்தில் அல்லது பத்தாம் ஏற்றத்தில் அது மறுபடியும் உடையும்; அரைமிதவை அச்சில் சக்கரத்தோடு உடையும்.

புதிய பேரிங்கைத் தண்டின் மேல் ஏற்றும்போது பிரஸ்ஸில் வைத்து உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உருளைகளின் மீதோ அவற்றின் கூண்டின் மீதோ அழுத்தம் விழலாகாது. பேரிங்குக்குக் கிரீஸ் இட்டு, அச்சுக்கூட்டினுள் புதிய சீலைப் பதித்து, அதன் உதடு கிழியாதவாறு தண்டை மெல்லச் செலுத்தி, உள்முனைப் பற்கள் பொருந்தும் வரை சற்றே திருப்பித் தள்ள வேண்டும். கிரீஸையும் வேண்டிய அளவே இட வேண்டும். மிகையானால் அது பிரேக் கட்டையில் போய்ச் சேரும்.

இனி ஷிம் தகடுகளை முன்பிருந்தவாறு வைத்து, பிரேக் தட்டைப் பூட்டி, தண்டை உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிதும் அசையாவிட்டால் பேரிங் சூடேறிக் கருகும். மிகுதியாக அசைந்தால் சீல் கசியும், சக்கரம் ஆடும். வேண்டிய அசைவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளே. அதாவது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். இதனைக் கையால் மதிப்பிட இயலாது. டயல் கேஜ் என்னும் அளவுகருவியால்தான் பார்க்க வேண்டும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கைநூலில் காணலாம். அசைவு மிகுந்தால் தகட்டைக் குறைக்கவும், குறைந்தால் தகட்டைக் கூட்டவும் வேண்டும்.

குடத்தை ஏற்றுமுன் கூம்பையும் குடத்தின் துளையையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, புதிய சாவிக்கட்டையை வைக்க வேண்டும். நடுநட்டை இறுக்கும் அளவு சிறியதன்று. இவ்வகை ஜீப்புக்குக் குறைந்தது 150 அடி-பவுண்டு, அதாவது சுமார் 200 நியூட்டன்-மீட்டர் முறுக்கு வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 20 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டது போன்ற விசை அது. இறுக்கியபின் பிளவு ஆணியின் துளை நேர்ப்படாவிட்டால், நட்டை இன்னும் சற்று முன்னே இறுக்கியே நேர்ப்படுத்த வேண்டும். ஒருபோதும் பின்னே தளர்த்தி நேர்ப்படுத்தலாகாது. ஆணியைப் போட வேண்டும் என்பதற்காக நட்டைத் தளர்த்துவது, கடையாணிக்காகச் சக்கரத்தை விற்பது போன்றதாகும்.

முழுமிதவை அச்சில் இத்தனை தொல்லை இல்லை. முகத்தட்டின் திருகுகளை நீக்கித் தண்டை உருவி, உள்துண்டை வெளியேற்றி, புதிய காகித வளையமிட்டுச் செருகித் திருகுகளைச் சீராக இறுக்கினால் போதும். ஆனால் அங்கும் உள்துண்டையும் துணுக்குகளையும் நீக்குவதில் விலக்கு இல்லை.

இறுதியாக, அச்சுக்கூட்டின் மேலுள்ள மூச்சுத்துளையைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடுகையில் உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிகிறது. துளை சேற்றால் அடைபட்டிருந்தால் அக்காற்று சீலைத் தள்ளிக் கொண்டு வெளிவரும். எண்ணெயும் அதனோடு வந்து பிரேக் கட்டையை நனைக்கும். சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கும்போதோ, உட்காற்று சுருங்கி, தளர்ந்த சீல் வழியாக நீரை உறிஞ்சும். இவ்வளவுக்கும் காரணம் ஒரு சிறு துளை. அதனைத் துப்புரவாக்கி, 90 எண் ஹைப்பாயிட் எண்ணெயை நிரப்புந்துளையின் விளிம்பு வரை ஊற்றி, பிரேக் குழாயிலுள்ள காற்றை நீக்கி, சமதரையில் சிறிது தூரம் மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டியபின் குடத்தைக் கையால் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு கூடாது. ஒரு நாள் ஓட்டத்திற்குப் பின் நடுநட்டை மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது.

வண்டியில் அமர்ந்து செல்வோர்க்கும் சில அடையாளங்களைக் கூறுவோம். புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் பின்புறத்தில் 'டொக்' என்ற ஓசை கேட்டல், பின் சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் வழிந்திருத்தல், ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடிக்காதிருத்தல், சக்கரம் ஆடுவது போலத் தோன்றுதல் ஆகிய இவை வண்டியை நிறுத்தச் சொல்லப் போதுமான காரணங்கள். மலையடிவாரத்தில் கேட்பது எளிது. மலைமேல் கேட்க நேரமிராது.

நம்மவர்க்கு இதில் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. அயல் மாநிலத்தில் வேலை செய்பவர், வண்டியின் உடைமையாளர் "இன்று மாலைக்குள் வண்டி வேண்டும்" என்றால், மறுத்துப் பேசத் தயங்குவது இயல்பு. மொழியும் முழுமையாக வசப்படாத நிலையில், "வெல்டிங் வைத்துக் கொடு, போதும்" என்ற சொல்லுக்கு இணங்கிவிடுவோரும் இருக்கலாம். ஆனால் அவ்வண்டி உடைமையாளரை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை. மலைக்கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளும், மருத்துவமனைக்குச் செல்லும் தாய்மார்களும் அதில்தான் அமர்கிறார்கள். பர்மாவிலிருந்து 1960களில் வெளியேறி, மணிப்பூரின் எல்லையிலுள்ள மோரேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இம்பாலுக்குப் போக மலைச்சாலையையே நம்பியிருந்தன. எந்த மலையிலும் கீழே ஓடும் அச்சைப் பயணி பார்ப்பதில்லை. அதைப் பூட்டியவரின் கையை நம்பியே ஏறுகிறார்.

ஆதலால், உடைமையாளர் அவசரப்படுத்தினால், உடைந்த துண்டை அவர் கையில் கொடுத்து, அதன் முகத்திலுள்ள வரிகளைக் காட்டுங்கள். இது எத்தனை நாளாக உடைந்து வந்தது என்பதை எந்த மொழியிலும் அது எடுத்துச் சொல்லும். பின்னர் மறுபக்கத் தண்டையும் வெளியே எடுத்துப் பாருங்கள். நட்டை அளவாக இறுக்கி, பிளவு ஆணியின் இரு கால்களையும் மடக்கியதைக் கண்ணால் கண்ட பிறகே சாவியை ஒப்படையுங்கள்.